வரகு மூட்டைக்குப் பின்னால்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் வாசல் கேட்டில் நின்று ஒரு காலிப் பையை மடித்துக்கொண்டிருந்தாள். துணிப்பை. இதோ உங்கள் மடியில் இருக்கிறதே, ஏறக்குறைய இதே மாதிரி. அதனால்தான் கேட்டேன், அம்மிணி, இந்தப் பை எந்தக் கடையில் கொடுத்தது என்று. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த பஸ் கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. பெருந்துறையே தாண்டவில்லை. சொல்கிறேன், கேளுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், அதிலும் தப்பில்லை. ஆனால் நிஜமாகத் தூங்க வேண்டும். தூங்குகிற மாதிரி நடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவன் நான். டிக்கெட் எடுக்காதவன் தூங்கினால் அவன் இமை தூங்காது. ஈரோட்டில் செக்கிங் அர்த்தநாரி என்று கேட்டால் பழைய டிரைவர், கண்டக்டர் யாரானாலும் சொல்வார்கள். நல்லபடியாகச் சொல்வார்களா என்பது வேறு விசயம்.

அன்றைக்குக் காலையில் மயிலாத்தாள், அவள்தான் என் மனைவி, அந்தப் பையை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கடை தொறந்திருக்குதான்னு ஒரு எட்டு பாத்துப்போட்டு வந்தர்றனுங்க" என்றாள்.

"பூட்டுன கடையில உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

சும்மா. இந்தச் சும்மா என்கிற வார்த்தையை என் சர்வீஸில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? சும்மா படியில நின்னேனுங்க, சும்மா அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கலாம்னு பாத்தேனுங்க. சும்மா என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் எனக்கு அன்று அவசரம். உணவுப் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போக வேண்டும். "எங்கயும் போகாத, வீட்ல இரு" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். பையை மடித்துக்கொண்டுதான் நின்றாள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மயிலாத்தாளுக்குப் பிரஷர் இருந்தது. ஒரு தடவை கோயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள், டாக்டரிடம் காட்டினோம். அவர் கையில் மெஷினைக் கட்டிப் பார்த்தார், மாத்திரை எழுதினார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆயுசு முழுக்க என்றார். ஆயுசு முழுக்க! எந்த வியாதிக்காவது ஆயுசு முழுக்க மருந்து உண்டா? அப்படியானால் அது மருந்தா, மாத்திரைக் கம்பெனிக்கு நாம் கட்டுகிற சந்தாவா? என்னோடு வேலை பார்த்த ஒரு கண்டக்டர் வருசக்கணக்கில் பிரஷர் மாத்திரை சாப்பிட்டான். கடைசியில் கிட்னி போய்ச் செத்தான். மாத்திரையால்தானே? அவனுக்குச் சர்க்கரையும் இருந்தது, தண்ணியும் போடுவான் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மாத்திரைப் பட்டைகளைச் சாக்கடையில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் சம்மதம் என்றுதானே அர்த்தம்? கொஞ்ச நாள் கழித்து அவளுடைய அரிசி டப்பாவில் இன்னொரு பட்டை இருந்தது. பெண்களுக்குப் பயம் அதிகம், என்ன செய்வது. அதையும் எடுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வருகிற எந்தப் பையையும் நான் பார்க்காமல் விட்டதில்லை. கீரைக்கட்டைக்கூடப் பிரித்துப் பார்ப்பேன். "ஏனுங்க, கீரைக்கும் டிக்கெட் எடுக்கோணுங்களா?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டேதான் பார்ப்பேன்.

மாத்திரைக்குப் பதில் என்ன செய்வது என்று நான் நிறையப் படித்தேன். நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவனில்லை. ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பவன். வரகு, குதிரைவாலி, கைக்குத்தல் அரிசி, உப்பில்லாத கூழ், வெறும் வயிற்றில் மருதம்பட்டைத் தூள். இதெல்லாம் எங்கே கிடைக்கும்? எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் ஒரு இயற்கை அங்காடி திறந்திருந்தார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடையைக் காட்டியதே நான்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இயற்கைக்கு எதிரி இல்லை. போலிக்குத்தான் எதிரி.

அந்தக் கடைக்குப் பெயரே கிடையாது. பலகையில் இயற்கை அங்காடி என்று மட்டும் இருக்கும். பெயர் வைக்காத கடையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரனையே கேட்டேன். அவன் பெயர் சென்னியப்பன். அந்தியூர்ப் பக்கம். நாற்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து வரகு விற்கிறான். ஏசி ரூமில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் எதற்கு அதை விட்டு வர வேண்டும்? அங்கே ஏதாவது செய்திருப்பானோ என்று எனக்கு ஒரு இது.

"பேரு எதுக்குங்க ஐயா? வரகுக்கு வரகுன்னு பேரு இருக்குது, அது பத்தாதுங்களா?" என்றான்.

நயமாகப் பேசுவான். நயமாகப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் இரண்டு தடவை டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதலில் கத்திரிக்காய். பளபளவென்று ஒரு ஓட்டைகூட இல்லாமல் இருந்தது. "மருந்தடிக்காத கத்திரிக்காயில புழு எங்கப்பா?" என்று கேட்டேன். கடையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பனி காலத்துல புழு கம்மிங்க ஐயா. அடுத்த வாரம் வந்தா எடுத்து வெக்கறனுங்க" என்றான். அடுத்த வாரம் பார்த்தால் பாதிக் காயில் ஓட்டை. எல்லா ஓட்டையும் ஒரே அளவு. ஊசியால் குத்தியிருப்பானோ? வீட்டில் வந்து அறுத்தோம். உள்ளே புழு இருந்தது. அதுவும் உயிரோடு. எங்கேயாவது புழு வாங்கி உள்ளே விட்டிருப்பானோ என்று மயிலாத்தாளிடம் சொன்னேன்.

"ஏனுங்க, புழுவு இப்ப கிலோ என்ன வெலைங்க விக்குது?" என்றாள்.

அப்படித்தான் அவள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டே சொல்லுவாள்.

அப்புறம் தேன். நல்ல தேனை நாய் நக்காது என்று சொல்வார்களே, கேள்விப்பட்டிருப்பீர்கள். தெருநாய் ஒன்றைக் கூப்பிட்டு இலையில் ஊற்றி வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சரி, தேன் நல்லதுதான் போல என்று விடலாமா? நாய் காலையில் எங்கேயாவது தின்றிருந்தால்? மறுநாள் வேறொரு நாயைக் கட்டிப்போட்டு மதியம் வரை ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்து ஊற்றினேன். இலையோடு சேர்த்து நக்கிவிட்டது. அந்த இலையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"பட்டினி போட்டா நாயி இலையக்கூடத் திங்குமுங்க ஐயா" என்றான் சென்னியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். மயிலாத்தாளும் அங்கேதான் இருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்தேன்.

ஏனென்றால் அவள் தினமும் போக ஆரம்பித்திருந்தாள். தினமும். காலைச் சாப்பாடு முடிந்ததும் பையை எடுத்துவிடுவாள். ஒரு நாள் கறிவேப்பிலை. ஒரு நாள் கால் கிலோ உளுந்து. ஒரு நாள் ஒன்றுமே வாங்காமல் வருவாள். கேட்டால், "கூட்டமா இருந்துச்சுங்க." கூட்டம் இருக்கிற கடையா அது? மொத்தமாக வாங்கி வை என்றால், "வண்டு விழுந்துருமுங்க. மருந்தில்லாத தானியம்." புழு இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவனே நான்தானே.

அதே சமயத்தில் அவளுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கையில் கட்டிப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டிப் பார்ப்பேன். வயசுப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருந்தது. முதலில் மெஷினை நம்பவில்லை. என் கையில் கட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கையில் கட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா, அம்மிணி? பார்க்கில் நடக்கிறவர்கள் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒரு மாத்திரை கிடையாது, வெறும் வரகும் கூழும் மருதம்பட்டையும், என் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். வந்தவர்களுக்கு எதிரில் அவள் கையில் கட்டிக் காட்டினேன். அவளும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எல்லாம் இவரு பாத்துப் பாத்துக் குடுத்ததுங்க" என்பாள்.

ஆனால் ராத்திரி படுத்தால் எனக்கு ஒரு கணக்கு இடிக்கும். பொருள் போலி என்று எனக்குத் தெரிகிறது. பிரஷர் மட்டும் எப்படி இறங்குகிறது?

செக்கிங்கில் ஒரு முறை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஏறினால் கண்டக்டர் உஷாராகிவிடுவான். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் மரத்துக்குப் பின்னால் நின்று கையைக் காட்ட வேண்டும். அதையேதான் செய்தேன். கடைக்கு எதிரில் ஒரு இளநீர் வண்டி நிற்கும். பார்க்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். இளநீர்க்காரன் குடிக்கிறீர்களா என்றான். வேண்டாம் என்றேன். பிறகு எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டான். சந்தேகப் பேர்வழி.

மயிலாத்தாள் வந்தாள். நேராக உள்ளே போனாள். எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. விலை கேட்கவில்லை. வரகு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் உட்கார்ந்தாள், ஏதோ அவள் வீட்டு ஸ்டூல் மாதிரி. சென்னியப்பன் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தான். இன்னொரு கையில் ஒரு டம்ளர். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வைத்தான். அவள் டப்பாவைத் திறந்தாள். எதையோ எடுத்தாள். அண்ணாந்து வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள்.

ரோட்டைத் தாண்டப் போனேன், ஒரு தண்ணி லாரி குறுக்கே வந்து நின்றுகொண்டது. அது நகர்ந்து நான் உள்ளே போவதற்குள் டப்பாவும் இல்லை, டம்ளரும் இல்லை. அவன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவள் ஒரு பாகற்காயைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாகற்காய்! எங்கள் வீட்டில் யாரும் தின்ன மாட்டோம்.

"வாயில என்ன போட்ட?"

"கருப்பட்டிங்க. ஒரு துண்டு" என்றாள்.

"ஆமாங்க ஐயா, நான்தான் ருசி பாக்கக் குடுத்தேனுங்க" என்றான் அவன். அவள் சொல்லி முடிக்கும் முன்னால் சொன்னான்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருசம் தினமும் பார்த்த முகம். டிக்கெட் இல்லாதவர்கள் சட்டைப் பையைத் தடவும்போது வருகிற முகம். என் வீட்டுக்குள்ளேயே அது இத்தனை நாள் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

அன்றே புகார் கொடுத்தேன். தேன் போலி, எண்ணெய் கலப்படம், பொடியில் ஏதோ கலக்கிறார்கள், வாடிக்கையாளர்களைப் பழக்கப்படுத்துகிறார்கள் என்று நான்தான் உட்கார்ந்து எழுதினேன். ஆபீஸிலிருந்து வந்தார்கள். ஒவ்வொன்றிலும் சாம்பிள் எடுத்தார்கள். லைசென்ஸ் தேதி முடிந்திருந்தது. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று அவன் கெஞ்சினான். வந்த பிறகு திறந்துகொள் என்று ஷட்டரை இறக்கிப் பூட்டி, தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். எதிரில் நின்று பார்த்தேன். இளநீர்க்காரனிடம் ஒரு இளநீர் வாங்கிக் குடித்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். மயிலாத்தாள் அடுப்பில் இருந்தாள்.

"எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை, நான் ஏன் செய்தேன் என்று கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு. கவனித்தீர்களா? பழக்கத்துக்கு ஆளானவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அந்த வாரம் முழுக்க அவளை நான் தனியாக விடவில்லை. பார்க்குக்குக்கூடப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்லாத்தான் இருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் பகலெல்லாம் ஒரே வீட்டில். நான் பேப்பர் படிப்பேன், அவள் பீன்ஸ் நறுக்குவாள். அவள் மட்டும் ஏதோ நிலைகொள்ளாமல் இருந்தாள். என் டம்ளரு அந்தக் கடையில இருக்குதுங்க, போய் வாங்கிட்டு வாங்க என்றாள். சீராக அவள் அம்மா வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டம்ளர், பெயர் வெட்டியது. வீட்டில் காணோம் என்று நான் கேஸ் சிலிண்டர் போடுகிறவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அது எப்படி அங்கே போனது என்று கேட்டேன். தண்ணி குடிக்கக் கொண்டு போனேன் என்றாள். டம்ளருக்காக நான் போய் அவன் முன்னால் நிற்பதா? கடை திறந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிறகு மெடிக்கல் வரைக்கும் போய் வருகிறேன், தலை வலிக்கிறது, தைலம் வேண்டும் என்றாள். நீ உட்கார் என்று சொல்லி நானே போய் வாங்கி வந்தேன். நானே நெற்றியில் தேய்த்தும் விட்டேன்.

சென்னியப்பன் இரண்டு தடவை போன் பண்ணினான். எங்கள் வீட்டில் ஒரு போன்தான், அது என் சட்டைப் பையில் இருக்கும். "ஐயா, அம்மா இருக்காங்களா? ஒரு வார்த்தை பேசோணுமுங்க" என்றான். "எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு" என்றேன். போனை வைத்துவிட்டான். குற்றமில்லாதவனாக இருந்தால் சொல்லியிருப்பானா இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மெஷினைக் கட்டினேன். பிரஷர் எங்கேயோ ஏறிக் கிடந்தது. பாட்டரி போயிருக்கும் என்று மாற்றினேன். மாற்றியும் அதே மாதிரிதான் காட்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்று பெட்டியில் போட்டு வைத்தேன். மருதம்பட்டையை இரண்டு வேளையாக்கினேன்.

அதற்கு அடுத்த நாள்தான் கேட்டில் நின்று அவள் பையை மடித்தது.

ஆபீஸில் எனக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? சாம்பிள் எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். தேன் சுத்தம், எண்ணெய் சுத்தம், பொடி சுத்தம். ஒரு கடையில் எல்லாமே சுத்தமாக இருக்க முடியுமா? யாரோ எங்கேயோ பேசி முடித்திருக்கிறார்கள் என்று அங்கேயே சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

அவள் அந்தக் கடைக்குத்தான் போயிருக்கிறாள். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே எதையோ எடுக்கிற மாதிரி ஷட்டர் இடுக்கில் கையை வைத்துக்கொண்டிருந்தாளாம். இளநீர்க்காரன் சொன்னான். அப்படியே சாய்ந்துவிட்டாளாம். அவன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, பிரஷர் என்றார்கள்.

செத்த இடம் எது? அந்தக் கடை வாசல். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்?

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், சென்னியப்பன் வீட்டுக்கு வந்தான். லைசென்ஸ் வந்து கடையைத் திறந்துவிட்டானாம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். கையில் அந்தத் தகர டப்பா, அந்த டம்ளர்.

"இது அம்மாவோடதுங்க ஐயா" என்றான்.

திறந்து பார்த்தேன். மாத்திரைப் பட்டை. இங்கிலீஷ் மாத்திரை.

"என்னடா குடுத்த எம் பொண்டாட்டிக்கு?"

"நான் குடுக்கலீங்க. அம்மாவே டாக்டர்கிட்டப் போயி எழுதி வாங்குனதுங்க. பிரஷர் மாத்திரை. ஊட்ல வெச்சா நீங்க எடுத்துப் போட்டுருவீங்கன்னு எங்கடையில வெச்சிருந்தாங்க. தெனமும் வந்து ஒண்ணு போட்டுக்குவாங்க. கட பூட்டினப்ப டப்பா உள்ள மாட்டிக்கிச்சுங்க. வேற வாங்கிப் போட்டுக்குங்கன்னு சொல்றதுக்குத்தானுங்க போன் பண்ணினேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சத்தியம் வாங்கியிருந்தாங்க ஐயா. ஆரம்பத்துலயே நான் கேட்டேனுங்க, ஐயாகிட்ட நான் பேசட்டுங்களான்னு. வேண்டாம்னுட்டாங்க. 'வரகுல எனக்கு நல்லாயிருச்சுன்னு அவருக்கு ஒரு சந்தோசம். பார்க்குல எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு. அதக் கெடுக்க வேண்டாம் தம்பி, இருந்துட்டுப் போகட்டும்'னாங்க. நான் சத்தியத்தப் பாத்திருக்கக் கூடாதுங்க. சொல்லியிருக்கோணும்."

சொல்லிவிட்டு அழுதான். அழுவார்கள், அம்மிணி. டிக்கெட் எடுக்காதவர்களும்தான் அழுவார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருந்துட்டுப் போகட்டும் என்று அவன் சொன்னபோது மட்டும் மயிலாத்தாளே பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. அதே இழுப்பு. நடிப்பில் அவ்வளவு கெட்டிக்காரன்.

நடந்தது இதுதான் என்று நான் பிறகு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். அவன் சரக்கு போலி. போலிச் சரக்கில் பிரஷர் இறங்காது. இறங்காவிட்டால் நான் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவளைப் பயமுறுத்தி ரகசியமாக மாத்திரை கொடுத்திருக்கிறான். மாத்திரையில் இறங்கியதை வரகில் இறங்கியது என்று என்னை நம்ப வைத்திருக்கிறான். எல்லாம் பொருந்துகிறதா இல்லையா? என் மகன் பூபதி ஓசூரில் இருக்கிறான். அவனிடம் போனில் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான். அப்புறம், "அப்பா, அந்த டப்பாவ உள்ள எடுத்து வெச்சிருங்க. இனி யாருகிட்டயும் காட்டாதீங்க" என்றான். அவனை யார் பேசி வளைத்தார்கள் என்று தெரியவில்லை.

இதோ, என் பைக்குள்தான் அந்த டப்பா இருக்கிறது. பாருங்கள். கையில் வாங்கியே பாருங்கள். பட்டையைத் திருப்பினால் மாத்திரையின் பெயர் இருக்கிறது.

நீங்களும் அதையேதானா சொல்கிறீர்கள்? சாதாரணப் பிரஷர் மாத்திரை, உங்கள் அம்மாவும் இதைத்தான் போடுகிறார்களா? இருக்கட்டும். மெடிக்கல் கடைக்காரனும் அதைத்தான் சொன்னான். டாக்டரும் அதைத்தான் சொன்னார். பூபதியும் அதைத்தான் சொன்னான். சென்னியப்பன் சொன்னதும் அதுதான். எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள், அதுதான் எனக்கு இடிக்கிறது. ஒரு பஸ் முழுக்க ஒரே பதிலைச் சொன்னால் நான் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவள் வேறு எங்கேயாவது வாங்கிப் போட்டிருக்கலாமே என்றா? எப்படி வாங்குவாள்? நான்தான் கூடவே இருந்தேனே.

கோயமுத்தூரில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவார்களாம். அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். போன மாதமும் போனேன். கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்விட்டேன். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், சின்ன வயசு. சரியாகப் பார்ப்பாளா என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். அதற்கு முந்தின மாதம் கதவு திறந்துதான் இருந்தது. ரசீது கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று யோசித்தேன். அவர்களும் அதையே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்கள் சொல்வதை மட்டும் நம்ப முடியுமா? அப்புறம் ஈரோட்டு பஸ் வந்துவிட்டது.

நீங்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது போல. பையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன, குதிரைவாலியா? அம்மாவுக்கா? கொடுங்கள், நல்லதுதான். வண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டப்பாவைக் கொடுங்கள், அம்மிணி. இல்லை, டம்ளரை எடுக்க வேண்டாம், அது என் பையின் அடியிலேயே இருக்கட்டும். மயிலாத்தாள் என்று வெட்டிய எழுத்து தேயாமல் இருக்கிறது. பட்டையில் பாதி காலி. மீதிப் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது.